'விளையாடினேன்' என்று சொல்லும் பிள்ளை என்ன கற்றது? பாலர்பள்ளிப் பாடங்கள்: ஒரு பார்வை

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன படிச்ச?"

"விளையாண்டேன்."

பாலர்பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அன்றாடம் கேட்கும் உரையாடல் இது. பையைத் திறந்து பார்த்தால் எழுத்துப் பயிற்சி இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை. பசை ஒட்டிய ஒரு காகிதமும், பாதி வண்ணம் தீட்டிய ஒரு படமும் மட்டும் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோ தனியார் பாலர்பள்ளியில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வருகிறது. 'நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ' என்ற பயம் பெற்றோரைப் பிடித்துக்கொள்கிறது.

அந்தப் பயத்துக்குப் பதில் பாலர்பள்ளிக் கலைத்திட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளை 'விளையாண்டேன்' என்று சொல்லும் அந்த நேரத்தில்தான் மொழியும் கணிதமும் அறிவியலும் நன்னெறியும் கற்பிக்கப்படுகின்றன. எந்தப் பாடத்தில் எதைக் கற்கிறார்கள், அதில் வீட்டின் பங்கு என்ன என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டால், பிள்ளையிடம் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

ஆயாக்கொட்டகையிலிருந்து பாலர்பள்ளி வரை

தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு முதல் 'பாலர்பள்ளி' ஆயாக்கொட்டகைதான். விடியும் முன்பே பெரட்டுக்குக் கிளம்பும் தாய், தூக்கம் கலையாத பிள்ளையை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். சேலைத் தொட்டிலும் தாலாட்டும் கதையும்தான் அங்கே பாடம். பிள்ளையைப் பாதுகாப்பாக வைத்திருப்பதே அதன் முதல் நோக்கம். முறையான கல்வி ஏழு வயதில், முதலாம் வகுப்பில்தான் தொடங்கியது.

இன்று நிலைமை வேறு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர்பள்ளிக் கல்வியை நாட்டின் தேசியக் கல்வி அமைப்பின் ஓர் அங்கமாக்கியது. 2003இல் தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2010இல் அது தரநிலைக் கலைத்திட்டமாக, அதாவது கே.எஸ்.பி.கே. என்ற பெயரில், மாற்றியமைக்கப்பட்டு 2017இல் திருத்தப்பட்டது. 2026ஆம் ஆண்டு முதல் புதிய பாலர்பள்ளிக் கலைத்திட்டம் அறிமுகமாகிறது. கடந்த ஆண்டுகளில் பாலர்பள்ளி முடித்த பிள்ளைகள் படித்தது 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி என்பதால், அதன் அமைப்பையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

மலேசியாவில் பாலர்பள்ளிகள் பல வகை. தமிழ்ப்பள்ளி உள்ளிட்ட தொடக்கப்பள்ளி வளாகங்களில் கல்வியமைச்சின் பாலர் வகுப்புகள் இயங்குகின்றன. கிராமப்புற மேம்பாட்டைக் கவனிக்கும் அமைச்சின் கீழ் கெமாஸ் பாலர்பள்ளிகளும், ஒற்றுமைத் துறையின் கீழ் தாபிக்கா பெர்பாடுவானும் உள்ளன. இவை தவிர, கல்வியமைச்சில் பதிவு பெற்ற தனியார் பாலர்பள்ளிகளும் உண்டு. பாலர்பள்ளி 4 வயது முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பராமரிக்கும் 'தாஸ்கா' இதில் சேராது. அது 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின் கீழ் வருகிறது.

கல்வியமைச்சின் பாலர் வகுப்பு ஒன்றில் அதிகபட்சம் 25 பிள்ளைகள் இருப்பர். ஓர் ஆசிரியரும் மாணவர் மேலாண்மை உதவியாளர் ஒருவரும் அவர்களைக் கவனித்துக்கொள்வர். வகுப்பு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் நடக்கும். உணவு வேளையும் அதற்குள் அடங்கும்; அதுவும் ஒரு பாட வேளைதான்.

கே.எஸ்.பி.கே. தனித்தனிப் பாடநூல்களாக அல்லாமல் ஆறு தூண்களாக அமைந்துள்ளது: தொடர்பாடல், ஆன்மீகமும் மனப்பான்மையும் நற்பண்பும், மனிதவியல், தன்னாளுமை, உடல் வளர்ச்சியும் அழகியலும், அறிவியலும் தொழில்நுட்பமும்.

மொழி: எழுதுவதற்கு முன் காது

தொடர்பாடல் தூணில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களும் உள்ளன. தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் தமிழ்தான் பயிற்று மொழி. மலாயும் ஆங்கிலமும் உடன் கற்பிக்கப்படுகின்றன. ஆறு வயதுக்குள் மூன்று மொழிகளின் ஓசை பிள்ளையின் காதில் விழுந்துவிடுகிறது.

வரிசையில் கேட்டலும் பேசுதலும் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. காதால் பிரித்தறியாத ஒலியைக் கையால் எழுத முடியாது. தமிழில் இது இன்னும் முக்கியம். 'பல்', 'பள்ளி', 'பழம்' ஆகிய மூன்றிலும் வரும் ல, ள, ழ ஒலிகளைக் காது தனித்தனியாகப் பிடிக்காவிட்டால், 'வாழைப்பழம்' 'வாளப்பளம்' ஆகி, பிறகு அப்படியே எழுத்திலும் வந்துவிடும். ஐந்தாம் ஆண்டில் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கும் பிழைக்கு விதை ஐந்து வயதில் விழுகிறது.

அதனால்தான் பாலர் வகுப்பில் பாட்டும் கதையும் இவ்வளவு இடம் பிடிக்கின்றன. பாட்டில் ஒலி திரும்பத் திரும்ப வரும். கதையில் சொல் கூடும். 'அப்புறம் என்ன நடந்தது?' என்ற கேள்வியில் நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லும் திறன் வளரும். தமிழில் மொத்தம் 247 எழுத்துகள். அவை அனைத்தையும் எழுதி முடிப்பது பாலர்பள்ளியின் வேலை அல்ல. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு புரிந்து, சிறு சொற்களை வாசிக்கத் தொடங்கினால் போதும். மீதத்தை முதலாம் ஆண்டு பார்த்துக்கொள்ளும்.

இங்கே பெற்றோர் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதென முடிவு செய்துவிட்டு, 'இங்கிலீஷ் நன்றாக வரட்டும்' என்று தமிழே இல்லாத பாலர்பள்ளியில் இரண்டு ஆண்டுகள் படிக்க வைக்கும் குடும்பங்கள் நகர்ப்புறங்களில் உள்ளன. வீட்டிலும் தமிழ்ப் பேச்சு குறைந்திருந்தால், அந்தப் பிள்ளை முதலாம் ஆண்டின் முதல் நாளில் கணிதத்தோடு சேர்த்துக் கணிதம் சொல்லித்தரப்படும் மொழியையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். அது பிள்ளையின் குறையல்ல. இரண்டு சுமையை ஒரே நேரத்தில் ஏற்றியதன் விளைவு. தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்த ஊடகம் என்று யுனெஸ்கோ 1953இலேயே தன் அறிக்கையில் வலியுறுத்தியது. ஒரு மொழியில் உறுதியாகப் புரிந்த கருத்து மற்ற மொழிக்கு எளிதில் தாவும். 'பெரியது, சிறியது' என்பது தமிழில் விளங்கிய பிள்ளைக்கு 'பெசார், கெச்சில்' என்பவை இரண்டு புதுச் சொற்கள் மட்டுமே.

கணிதம்: எண்ணுவதற்கு முன் பிரிப்பது

ஒன்று முதல் நூறு வரை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஏழு மிட்டாயைக் கொடுத்து எண்ணச் சொன்னால் எட்டு என்றோ ஆறு என்றோ சொல்வதுண்டு. ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று விரலும் வாயும் சேர்ந்து நகர வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் புரிய வேண்டும்.

எனவே பாலர்பள்ளிக் கணிதம் எண்ணுக்கு முந்திய இடத்திலிருந்து தொடங்குகிறது. நிறம், வடிவம், அளவு பார்த்துப் பிரிப்பது. ஒன்றுக்கு ஒன்று இணைப்பது. கூட, குறைய, சமம் என்று ஒப்பிடுவது. சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவது. 'சிவப்பு, நீலம், சிவப்பு, அடுத்தது என்ன?' என்று தோரணி கண்டுபிடிப்பது. பிறகு எண்கள், எளிய கூட்டல் கழித்தல், பணம், நேரம், வடிவங்கள்.

ஒரு குவளைத் தண்ணீரை ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றினால் தண்ணீர் கூடிவிட்டது என்றே இந்த வயதுப் பிள்ளைகள் பலரும் சொல்வார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் ஜான் பியாஜே விளக்கிய புகழ்பெற்ற சோதனை இது. அந்தப் பிள்ளையை 'தப்பு' என்று அதட்டினால் புரிந்துவிடாது. தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்க்க விட்டால்தான் புரியும். வகுப்பில் மணல் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் இருப்பது அதற்காகவே.

தமிழ் எண்ணுப் பெயர்களில் ஒரு வசதியும் உண்டு. பதினொன்று என்ற சொல்லில் பத்தும் ஒன்றும் ஒலிக்கின்றன. இருபத்து மூன்றில் இரு பத்தும் மூன்றும் தெரிகின்றன. இடமதிப்பு என்ற பின்னாள் பாடத்துக்கு மொழியே முன்கூட்டி வழி காட்டுகிறது. பல்லாங்குழியும் அதன் மலாய் உறவான சொங்காக்கும் ஒன்றுக்கு ஒன்று போட்டு எண்ணும் பயிற்சியையே தருகின்றன. பாட்டியின் பல்லாங்குழிப் பலகை வீட்டில் இருந்தால் அதைத் தூசி தட்டி எடுக்கலாம்.

அறிவியல்: 'ஏன்' என்ற கேள்வி

பஞ்சை நனைத்து அதில் பச்சைப்பயறு போட்டு, முளை விடுவதை ஒவ்வொரு நாளும் பார்ப்பது பாலர் வகுப்பின் பழைய சோதனை. சந்தையில் வாங்கும் 'தவ்கே' இப்படித்தான் வருகிறது என்று தெரியும்போது பிள்ளையின் முகத்தில் வரும் வியப்பே அறிவியலின் தொடக்கம்.

இங்கே முளைக்கும் விதத்தை மனப்பாடம் செய்வது இலக்கல்ல. உற்றுநோக்குதல், ஊகித்தல், செய்து பார்த்தல், கண்டதைச் சொல்லுதல் ஆகியவையே பாடம். எது மிதக்கும், எது மூழ்கும்? காந்தம் எதைப் பிடிக்கும்? நிழல் ஏன் நீண்டது? விடையைவிட, 'போட்டுப் பார்ப்போம்' என்று கை நீட்டும் மனம் முக்கியம்.

இந்தப் பாடத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளையிடம் இல்லாத செல்வம் இருக்கிறது. ரப்பர் விதை வெடித்துத் தெறிப்பதும், செம்பனைக் குலை பழுத்து நிறம் மாறுவதும், மழைக்குப் பின் அட்டை வருவதும் அதன் வாசலிலேயே நடக்கின்றன. அதைக் கேள்வியாக்க ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

உடல், கைவிரல், கலை

'நாலு வயசாச்சு, இன்னும் பென்சில் பிடிக்க வரவில்லை' என்று கவலைப்படும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது விரல்களின் பலத்தை. எழுதும் செயலுக்குத் தோள், மணிக்கட்டு, விரல் ஆகிய மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். களிமண் பிசைவது, காகிதம் கிழித்து ஒட்டுவது, கத்தரிக்கோலால் வெட்டுவது, மணி கோப்பது, பொத்தான் போடுவது அனைத்தும் எழுத்துக்கு முந்திய எழுத்துப் பயிற்சிகள். வீட்டில் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைப் பிள்ளையிடம் கொடுப்பதும், தீபாவளிக்கு முறுக்கு உரலைச் சுற்ற விடுவதும், புள்ளி வைத்த கோலத்தில் கோடு இழுக்கச் சொல்வதும் அதே வேலையைச் செய்யும்.

ஓடுதல், தாண்டுதல், ஒற்றைக் காலில் நிற்றல், பந்து பிடித்தல் ஆகியவை பெருந்தசைப் பயிற்சிகள். பாண்டி ஆட்டம் இவற்றில் பலவற்றை ஒரே கட்டத்துக்குள் வைத்திருக்கிறது. சுகாதாரப் பகுதியில் கை கழுவுதல், பல் துலக்குதல், சத்துணவு ஆகியவற்றோடு, பாதுகாப்பான தொடுதல் எது, பாதுகாப்பற்ற தொடுதல் எது என்பதும் சொல்லித்தரப்படுகிறது. பிடிக்காதபோது 'வேண்டாம்' என்று சொல்லவும், நம்பிக்கையான பெரியவரிடம் வந்து சொல்லவும் பிள்ளைக்குக் கற்பிக்கும் பாடம் இது. வீட்டிலும் கூச்சமின்றித் தொடர வேண்டிய பாடமும் இதுதான்.

அழகியலில் இசை, ஓவியம், கைவேலை, நடிப்பு அடங்கும். ஓவியத்தில் மரம் நீலமாக இருந்தால் திருத்த வேண்டியதில்லை. 'இந்த மரத்தைப் பற்றிச் சொல்லு' என்று கேட்டால், அங்கேயே ஒரு மொழிப் பாடமும் நடந்துவிடும்.

பண்பு, மனம், சமூகம்

நற்பண்புத் தூணில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் அமைந்துள்ளன. நன்றி சொல்லுதல், உண்மை பேசுதல், பொறுப்பு, மரியாதை, அன்பு ஆகியவை இங்கே செயலாகவே பழக்கப்படுகின்றன. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து வைப்பது பொறுப்பு. பசிக்கும்போதும் வரிசையில் நிற்பது பொறுமை.

தன்னாளுமைத் தூண் பிள்ளையின் மனத்தோடு தொடர்புடையது. கோபம், பயம், மகிழ்ச்சி, வருத்தம் என்று தன் உணர்வுக்குப் பெயர் சொல்வது. தோற்றால் அழுதாலும் மீண்டும் ஆட வருவது. நண்பனின் முகம் வாடியதைக் கவனிப்பது. 'எனக்குக் கோபம் வருது' என்று வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கையால் அடிக்க வேண்டிய தேவை குறைகிறது.

மனிதவியலில் பிள்ளை தன்னிலிருந்து வெளியே நடக்கிறது. நான், என் குடும்பம், என் பள்ளி, என் ஊர், என் நாடு. நெகாராகூ பாடுவதும், ஜாலூர் கெமிலாங்கை அடையாளம் காண்பதும், தீபாவளி, பொங்கல், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, காவாய், காமாத்தான் ஆகிய கொண்டாட்டங்களை அறிவதும் இதில் அடங்கும்.

ஒரே நடவடிக்கை, ஆறு தூண்கள்

இந்த ஆறும் தனித்தனி மணியடித்து நடப்பவை அல்ல. விளையாட்டுவழிக் கற்றல், கருப்பொருள் முறை, ஒருங்கிணைந்த கற்பித்தல் ஆகியவை பாலர்பள்ளியின் அணுகுமுறைகள். 'சந்தை' என்ற கருப்பொருளை எடுத்துக்கொண்டால் அது எப்படி நடக்கிறது என்பது விளங்கும்.

வகுப்பின் மூலையில் ஒரு காய்கறிக் கடை. பிள்ளைகள் கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளியை வகைவகையாகப் பிரித்து அடுக்குகிறார்கள், அது கணிதம். பெயர்ப்பலகை எழுதி ஒட்டுகிறார்கள், அது எழுத்து. வாங்குபவர் 'மூன்று தக்காளி வேண்டும்' என்கிறார், விற்பவர் மலாயில் விலை சொல்லி, 'தெரிமா காசே' என்கிறார், அது தொடர்பாடல். காய்க்குள் விதை இருக்கிறதா என்று வெட்டிப் பார்க்கிறார்கள், அது அறிவியல். கடைக்காரர் வேடம் யாருக்கு என்று சண்டை வந்து, முறை வைத்து ஆடுவதென முடிவாகிறது, அது தன்னாளுமை. மீதிக் காசைச் சரியாகத் திருப்பிக் கொடுப்பது நன்னெறி. சந்தையில் உழைப்பவர்கள் யார் யார் என்ற பேச்சு மனிதவியல். கடைசியில் வெண்டைக்காயை வெட்டி வண்ணத்தில் தோய்த்து அச்சுக் குத்துகிறார்கள், அது அழகியல்.

அன்று மதியம் 'என்ன படிச்ச?' என்ற கேள்விக்குப் பிள்ளை சொல்லும் பதில்: 'கடை விளையாட்டு விளையாண்டேன்.'

தேர்வு இல்லை, ஆனால் மதிப்பீடு உண்டு

பாலர்பள்ளியில் முதல் நிலை, கடைசி நிலை கிடையாது. ஆசிரியர் பிள்ளையை ஆண்டு முழுவதும் உற்றுநோக்கி, அதன் கைவேலைகளைச் சேர்த்து வைத்து, வளர்ச்சியைப் பதிவு செய்கிறார். அந்த அறிக்கை பெற்றோரிடம் தரப்படும்போது 'என் பிள்ளை எத்தனையாவது?' என்று கேட்பதில் பயனில்லை. 'போன தடவையைவிட எதில் முன்னேறியிருக்கிறது? வீட்டில் நான் எதைச் செய்யலாம்?' என்று கேட்டால் ஆசிரியரால் உதவ முடியும்.

இந்த உற்றுநோக்கலில் இன்னொரு நன்மையும் உண்டு. காது சரியாகக் கேட்காத பிள்ளை, கண்ணாடி தேவைப்படும் பிள்ளை, பேச்சு தாமதமான பிள்ளை ஆகியோர் பலவேளைகளில் முதலில் ஆசிரியர் கண்ணில்தான் படுகிறார்கள். அவர் 'ஒரு தடவை கிளினிக்கில் காட்டுங்கள்' என்று சொன்னால் அது அவமானம் அல்ல. ஐந்து வயதில் கண்டறிந்த குறைக்கு உதவி எளிது. பத்து வயதுவரை 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிறகு மனக்காயத்தையும் சேர்த்து ஆற்ற வேண்டியிருக்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பாலர்பள்ளி தேடும்போது:

• பாலர்பள்ளி பதிவு பெற்றதா என்பதைக் கேட்டறிய வேண்டும்.
• பிள்ளை செல்லவிருக்கும் தொடக்கப்பள்ளியின் மொழி பாலர்பள்ளியில் உண்டா என்று பார்க்க வேண்டும். எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் பாலர் வகுப்பு இல்லை. அருகில் உள்ள பள்ளியில் முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்வது நல்லது.
• சுவரில் பிள்ளைகளின் கைவேலை இருக்கிறதா, ஓடி ஆட இடம் இருக்கிறதா, கதைப் புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டுகின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

முதலாம் ஆண்டுக்கு முன் வீட்டில் பழக்க வேண்டியவை:

• தன் முழுப் பெயர், பெற்றோர் பெயர், வீடு இருக்கும் இடம், ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றைச் சொல்வது.
• உதவியின்றிக் கழிப்பறைக்குச் செல்வது, காலணி போடுவது, உணவுப் பெட்டியைத் திறப்பது.
• தேவையைத் தமிழில் முழு வாக்கியமாகக் கேட்பது. மலாயில் வணக்கமும் நன்றியும் சொல்வது.
• ஒரு சிறு கதையை முடியும்வரை உட்கார்ந்து கேட்பது.
• கைப்பேசி இல்லாமல் அரை மணி நேரம் விளையாடுவது.

இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை. செம்பனைத் தோட்டத்து வரிசை வீட்டிலும் பட்டணத்து அடுக்குமாடியிலும் ஒரே மாதிரி செய்யக்கூடியவை இவை. தேவைப்படுவது நேரம். வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோருக்கு அதுதான் அரிது. ஆனாலும் சாப்பாட்டு வேளையில் பத்து நிமிடப் பேச்சும், படுக்கையில் ஒரு கதையும் எட்டாதவை அல்ல. படிக்கத் தெரியாத பாட்டியும் கதை சொல்லலாம். ஆயாக்கொட்டகையில் நடந்ததும் அதுதானே.

நாளை பிள்ளை வீட்டுக்கு வந்ததும் 'என்ன படிச்ச?' என்பதை விட்டுவிட்டு இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: 'இன்னிக்கு என்ன விளையாண்ட? யார்கூட? எப்படி விளையாடணும், எனக்கும் சொல்லிக்கொடு.'

பிள்ளை சொல்லிக்கொடுக்கத் தொடங்கும். அன்றைய பாடம் என்னவென்று அப்போது தெரிந்துவிடும்.